தீக்கல்லும் தோலுறையும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலில், நீர்மட்டத்துக்குச் சற்றே மேலாக முதுகு காட்டிக் கிடக்கும் கல்லாமை போன்று நிற்கிறது, நம்மவர் கடற்கோட்டை என வழங்கும் கோட்டை. அதைக் கட்டியவர் போர்த்துக்கேயர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டுப் பறித்தனர். இலங்கைத் தீவின் உருவம் அவர்தம் கண்ணுக்கு ஒரு பன்றித் தொடையாகத் தோன்றியதாம். அத்தொடையின் குதிகால் இருக்கவேண்டிய இடத்தில் இக்கோட்டை இருந்தமையால் ‘ஹம்மன்ஹீல்’ என்று அதற்குப் பெயரிட்டனர். நாற்புறமும் கடல் சூழ்ந்த அக்கோட்டையிலிருந்த போர்த்துக்கேயர் சரணடைந்ததற்குக் காரணம் குடிநீர் இன்மையே என்பது வரலாறு. தண்ணீர் இல்லாமற் கோட்டை வீழ்ந்தது. ஆனால் அதே கோட்டையிலே காவல் நின்ற ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வோர் இரவும் பகையாக இருந்ததும் தண்ணீரே: வானிலிருந்து விழும் மாரி, கடலிலிருந்து எழும் உப்பு ஈரம், விடியற்காலையிற் படியும் பனி.

கோட்டைகளைப் பற்றி எழுதுவோர் சுவரின் கனத்தை அளந்து எழுதுவர். பீரங்கிகளை எண்ணி எழுதுவர். தீவுப்பகுதியின் கோட்டைகளைப் பற்றிய கட்டுரைகளும் இவ்வகையினவே. அச்சுவர்களுக்குப் பின்னே நின்றவனுடைய கைத்துவக்கு வெடித்ததா, வெடிக்காமல் ஊமையாயிற்றா என்பதை முடிவுசெய்த பொருளொன்று உண்டு. அது உள்ளங்கையகலத் தோல்துண்டு. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலிற் சொற்களைச் சிறிது பார்ப்போம். தமிழகத்தார் துப்பாக்கி என்பதனை யாழ்ப்பாணத்தார் துவக்கு என்கின்றனர். சிங்களத்தில் அது துவக்குவ. துருக்கியச் சொல்லாகிய ‘துஃபெக்’ என்பதிற் பிறந்து, பாரசீகத்தின் வழியாகவும் கடல் வணிகரின் வாய்வழியாகவும் இம்மூன்று வடிவங்களையும் அடைந்தது. பொறி தட்டும் கல்லை நாம் சக்கிமுக்கிக் கல் என்கிறோமே, அதுவும் ‘சக்மக்’ என்ற துருக்கியச் சொல்லின் திரிபே. காலில் அணிவதற்கு நம்மவர் வழங்கும் சப்பாத்து போர்த்துக்கேயம், பட்டாளமும் அவ்வாறே. கந்தோரும் துட்டும் ஒல்லாந்தம். இவ்வளவு அந்நியச் சரக்குக்கு நடுவே தோல் என்னும் சொல் மட்டும் தொல்காப்பியன் காலத்துத் தமிழாகவே நிற்கிறது.

இன்னுமொரு சொல் கவனத்துக்குரியது. தீக்கல்லை வாயிற் கவ்விக்கொண்டு முன்னோக்கிப் பாயும் உறுப்பை ஆங்கிலேயன் சேவல் என்றான். ஒல்லாந்தனும் தன் மொழியிற் சேவல் என்றே சொன்னான். கொத்தும் பறவையை அவர்கள் அதிலே கண்டனர். தமிழனோ அதனைக் குதிரை என்றான். நம் அகராதிகள் குதிரை என்னும் சொல்லுக்குத் தரும் பொருள்களுள் துப்பாக்கியின் உறுப்பு என்பதும் ஒன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்த, இன்றும் கட்டாக்காலிக் குதிரைகள் மேயும் நெடுந்தீவை மனத்திற்கொண்டு பார்க்கும்போது, நம் உவமையே மேலானதென்று எனக்குத் தோன்றுகிறது. சேவல் கொத்திவிட்டு நின்றுவிடும், குதிரையன்றோ பாய்வது!

இந்தக் குதிரை பாயும் விதத்தை அறிந்தாலன்றித் தோலின் அருமை விளங்காது.

போர்த்துக்கேயர் இங்கு வந்த காலத்துத் துவக்கு திரித்துவக்கு. கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரியை ஒரு கொடுக்கு கீழே தாழ்த்தி மருந்தைப் பற்றவைக்கும். மழையில் திரி அணையும். இருளில் திரியின் தணல் காவலாளியைக் காட்டிக்கொடுக்கும். திரியின் பொறி மருந்துப் பையில் விழுந்தால் வைத்திருப்பவனே மடிவான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சிலே செம்மையான வடிவம் பெற்ற தீக்கற்பொறி, அந்நூற்றாண்டு முடிந்து அடுத்தது பிறக்கும் காலத்தில் ஐரோப்பியப் படைகளிலிருந்து திரியை மெல்ல மெல்ல அகற்றிவிட்டது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட 137 ஆண்டுகள் இம்மாற்றத்தை உள்ளடக்கியவை. திரித்துவக்கின் காலத்திற் கோட்டையைப் பிடித்தவர்கள், தீக்கல் துவக்குடன் வந்த ஆங்கிலேயரிடம் 1795இல் யாழ்ப்பாணத்தை ஒப்படைத்தனர்.

தீக்கற்பொறியில் வெளியே நெருப்பென்பது இல்லை. குழலின் பக்கத்திலே பற்றுவாய் என்னும் சிறு கிண்ணம். அதில் ஒரு சிட்டிகை நுண்மருந்து. கிண்ணத்துக்கு மூடியாகவும், கல்லுக்கு எதிர்முகமாகவும் நிற்பது ஓர் எஃகுத் தகடு. விசையை இழுத்தாற் குதிரை பாயும். கல் எஃகைச் சீவும். சீவப்பட்ட எஃகுத் துகள்கள் எரிந்து பொறியாகச் சிதறும். அதே அடியில் மூடி பின்னே சாய்ந்து கிண்ணம் திறக்கும். பொறி மருந்தில் விழும். தீ சிறு துளை வழியே உட்சென்று குழலின் மருந்தைப் பற்றும். இத்தனையும் ஒரு கண்ணிமைப்பொழுதில் நிகழவேண்டும். பொறி தருவது கல்லென்று நாம் எண்ணுகிறோம், எரிவது இரும்பே. எஃகின் முகத்தில் ஈரமோ எண்ணெயோ படிந்திருந்தாற் பொறி பிறவாது. நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லைக் குதிரையின் வாயில் வைத்தாலும் பொறி பிறவாது. எஃகைச் சீவும் கடுமை அதற்கில்லை. இங்கிலாந்தின் பிராண்டன் என்னும் சிற்றூரிலும் பிரான்சிலும் துவக்குக்கான கல்லை உடைத்துச் செதுக்குவது தனித்தொழிலாகவே வளர்ந்தது.

இப்பொறியிலே தோல் மூன்று இடங்களில் வந்து சேர்ந்தது.

முதலாவது, கல்லைச் சுற்றிய துண்டு. இரும்புத் தாடைக்கு நடுவே கல்லை வெறுமையாக இறுக்கினால் உடையும், தளர்த்தினால் வழுகும். இடையிலே மடித்து வைத்த தோல், பல்லுக்கு ஈறு போல, கல்லைப் பற்றியும் பிடித்தது, அதிர்ச்சியையும் தாங்கிற்று. ஈயத்தகடு வைப்போரும் உண்டு.

இரண்டாவது எஃகுத் தகட்டின் மேல் மாட்டும் விரலுறை போன்ற சிற்றுறை. மருந்தும் ரவையும் இட்டு ஆயத்தமாக வைத்த துவக்கோடு நடப்பவன், மரக்கொம்பில் விசை மாட்டினாலும், படகில் ஏறுகையில் தடுக்கினாலும், தன் பக்கத்தில் நிற்பவனையே சுட நேரும். இவ்வுறை மாட்டியிருந்தால் குதிரை பாய்ந்தாலும் கல் தோலைத்தான் அடிக்கும். பொறி இல்லை, வெடி இல்லை. தொலைந்துபோகாதபடி ஒரு வாரினால் அதனை விசைக்காப்பு வளையத்தோடு கட்டிவிடுவர். வேளை வந்ததும் ஒரு விரலாற் கழற்றித் தள்ளிவிடலாம். ஓர் உயிரைக் காக்க இதனினும் எளிய கருவியை யான் கண்டிலேன்.

மூன்றாவதே நம் கதைத்தலைவன். பற்றுவாய், குதிரை, எஃகு மூன்றையும் ஒருங்கே மூடி, வார்களால் அடியிற் கட்டும் பொறியுறை. எண்ணெயும் கொழுப்பும் ஊட்டிய தடித்த தோல். பொறியின் உருவம் மேடுபள்ளமானது. சமதளமான தோலை அதன்மேற் படியவைப்பது கடினம். ஆங்கிலப் படையினர் இதற்குக் கண்ட உபாயம் விந்தையானது. மாட்டின் கால் மடங்கும் இடத்தில் தோல் இயல்பாகவே குமிழ்ந்து வளைந்திருக்குமன்றோ? அவ்விடத்துத் தோலை எடுத்தால் தையல் அதிகம் வேண்டாமலே அது பொறியின் மேற் கவிந்து அமரும். ஆகவே அவ்வுறைக்குப் படைவீரர் வழங்கிய பெயர் ‘பசுவின் முழங்கால்’ என்பது.

இவற்றோடு தோட்டாப்பெட்டியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அளந்த மருந்தையும் ரவையையும் தாளிற் சுற்றியதே அக்காலத் தோட்டா. தாள் நனைந்தால் எல்லாம் போயிற்று. துளையிட்ட மரக்கட்டையொன்றை உள்ளே வைத்து, வெளியே தோலால் மூடி, மழைநீர் வழிந்தோடும்படி நீண்ட தோல்மடல் ஒன்றைக் கவிழ்த்துச் செய்த பெட்டி அது.

தீவுகளில் இத்தோலுக்கு இருந்த வேலை ஐரோப்பாவில் இருந்ததைவிடப் பெரிது. வெடிமருந்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. எஞ்சியது கரியும் கந்தகமும். தூய வெடியுப்பு எளிதில் ஈரம் உறிஞ்சாது. ஆனால் அதனோடு கறியுப்பு சிறிது கலந்திருப்பினும் அம்மருந்து காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். கடற்காற்று எதைக் கொண்டுவருகிறது? அந்தக் கறியுப்பைத்தான். சோளகம் வீசும் மாதங்களில் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறியவர் தம் உதட்டை நாவால் தடவிப் பார்த்திருப்பர். அவ்வுப்பே எஃகின் முகத்திலும் பற்றுவாயின் விளிம்பிலும் படிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினாலோ கேட்கவேண்டியதில்லை.

மழை ஒரு போரின் முடிவையே மாற்றியதற்கு இந்தியாவிலேயே பெருஞ்சான்றுண்டு. 1757 ஜூன் 23ஆம் நாள் பிளாசியிற் பெய்த மழையில் வங்க நவாப் சிராஜ் உத்தௌலாவின் படையினருடைய மருந்து நனைந்தது. கிளைவின் படையினர் தம்முடையதைக் கீல்பூசிய துணியால் மூடி வைத்திருந்தனர். எதிரியின் மருந்தும் நனைந்திருக்குமென நம்பி முன்னேறிய நவாபின் குதிரைப்படையை உலர்ந்த மருந்து வரவேற்றது. பிளாசியை மீர் ஜாபரின் துரோகத்தால் விளக்குவது நம் பாடநூல்களின் வழக்கம்; அது பொய்யன்று. ஆயினும் துரோகத்தோடு ஒரு துணியையும் சேர்த்து எழுதினாற் பிழையில்லை.

தோல் காவலன்தான், ஆனால் காவலனையும் காவல்செய்யவேண்டும். இதனை அறியாதார் பலர். பட்டையிற் பதனிட்ட தோலில் உள்ள துவர்ப்பொருள் ஈர இரும்போடு சேர்ந்தாற் கருநிறக் கறை உண்டாகும். எழுதும் மைக்கு அக்காலத்தில் அன்னபேதியும் துவர்ப்பும் கூட்டியது இந்த இயல்பினாலேயே. நனைந்த உறையைக் கழற்றி உலர்த்தாமற் கட்டியபடியே வைத்தால், மழையைத் தடுத்த தோலே இரும்பைத் துருவுக்குக் கொடுத்துவிடும். வெயிலில் அதிகம் காய்ந்தால் தோல் வெடிக்கும். நிழலிலே கிடந்தாற் பூஞ்சணம் பூக்கும். ஆகவே கழற்று, துடை, உலர்த்து, எண்ணெயிடு, கட்டு என்ற வேலை ஒரு கோட்டையிலே ஓய்வதில்லை. வீரனின் வாழ்க்கை போர்க்களத்திற் கழிந்த நாள் சில. உறையைத் துடைப்பதிற் கழிந்த நாளே பெரிது.

நம் பக்கத்துத் தோற்பதனிடலின் உயிர் ஆவாரை. பொன்போற் பூக்கும் அச்செடியின் பட்டையே தென்னிந்தியத் தோலுக்கு உலகச் சந்தையில் மதிப்புத் தேடித்தந்தது. ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோல் மென்மையும் வெளிர்நிறமும் உடையது. வெயில் படப்படச் சிவக்கும். அச்சிவப்பைத் தடுக்கக் கடைசியிற் கடுக்காய் நீரில் ஊறவைப்பர். வைத்தியன் கைப்பொருளான கடுக்காயும், நம் கிராமத்து வேலியோர ஆவாரையும் பட்டாளத்துக்கும் பயன்பட்டன என்பதை எண்ணுந்தோறும் வியப்பு உண்டாகிறது.

ஆயினும் யாழ்ப்பாணத்து வாழ்க்கையிலே தோலின் இடம் சிறிது. தமிழகத்து உழவன் மாடு பூட்டிக் கவலை இறைத்தபோது தோற்பையாலேயே நீரை மேலேற்றினான். யாழ்ப்பாணத்தானோ துலாக் கயிற்றின் நுனியிற் பனையோலைப் பட்டையைக் கட்டினான். பெட்டி, கடகம், உமல், பாய், சத்தகத்தின் உறை என எதற்கும் பனையே கைகொடுத்த நாட்டில், தோலுக்கு வேலை வந்த இடங்கள் இரண்டே எனலாம்: காலுக்குச் செருப்பு, கோயிலுக்கு மேளம். முன்னதைச் செய்தவனை ஊரின் ஓரத்தில் நிறுத்தினோம். பின்னதன் ஒலி இல்லாமல் நயினை நாகபூஷணி அம்மனுக்குத் தேர்த்திருவிழா இல்லை. தவிலின் தோலைச் செத்த மாட்டின் தோலென்று எவரும் வீதியில் நின்று சொல்வதில்லை. தீட்டு என்பது பொருளைப் பற்றி நிற்பதன்று, இடத்தைப் பற்றி நிற்பதென்பது இதனாற் பெறப்படும்.

இந்த இடத்தில் ஒரு பழைய மரபை நினைவுகூர்தல் பொருந்தும். பறங்கியர் ஆட்சியில், அதிகாரியின் உணவுக்கென வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசுக் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை இருந்ததாம். திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் முறை வந்தபோது, அப்பழிக்கு அஞ்சி அவர் இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கி இந்தியா சென்றார். வடமொழிக் கடலை நீந்தித் துறவியானார். சிதம்பரத்தில் அவர் பெயரால் இன்றும் குளம் உண்டு. சைவ உலகம் இதனைப் பக்தியின் கதையாகச் சொல்கிறது, அவ்வாறே சொல்லட்டும். ஆயின் வரலாற்று மாணவன் வேறொன்றையும் கேட்கவேண்டும். படையுள்ள இடத்திற்குப் பசுவின் இறைச்சி மட்டுமா வேண்டும்? வாரும், பெட்டியும், உறையும், சப்பாத்தும், குதிரையின் சேணமும் எங்கிருந்து வரும்? ஒரு கோட்டையின் பசி அடுக்களையோடு முடிவதில்லை. பசுவைக் கொடுக்க மறுத்து ஒருவர் நாட்டை விட்டு ஓடிய பூமியிலே, பின்னாளில் ‘பசுவின் முழங்கால்’ என்ற பெயருடைய பொருளைத் துவக்கிற் கட்டிய படையும் வந்து காவல் நின்றது.

அக்கரைத் தமிழகத்தில் இதே தோல் இரத்தம் சிந்தவும் வைத்தது. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குரிய காரணங்களுள் ஒன்று புதிய தலைப்பாகை. அதிலே தோலாற் செய்த குஞ்சம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. நெற்றிக்குறிகளும் தாடியும் கூடாவென்ற கட்டளையும் அதனோடு வந்தது. அச்சிப்பாய்கள் தோலையே அறியாதவரல்லர். தோளில் தோல்வார், இடுப்பில் தோட்டாப்பெட்டி, துவக்கிலே தோல் என அவர்கள் ஆண்டுக்கணக்காகச் சுமந்தவர்களே. ஆனால் இடுப்பிலிருந்த தோல் தலைக்கு ஏறியபோது பொறுக்கவில்லை. 51 ஆண்டு கழித்து 1857இல், தோட்டாவிற் பூசிய கொழுப்பு வாய்க்கு வந்தபோதும் அதுவே நிகழ்ந்தது. கையால் தொட்டதைப் பல்லாற் கடிக்கச் சொன்னபோது பட்டாளம் உடைந்தது. வரலாற்றாசிரியர் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியதுமுண்டு. உடம்பின் எந்த இடத்தில் எதனை ஏற்பது என்ற கணக்கு எல்லா மக்களிடமும் உண்டு; ஆங்கிலேயனும் தன் தொப்பியைக் காலில் அணியமாட்டான்.

மீண்டும் தீவுகளுக்கு வருவோம். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களை வைத்தனர். நெடுந்தீவு டெல்வ்ட் ஆயிற்று, வேலணை லைடன், காரைதீவு அம்ஸ்ரடாம், அனலைதீவு றொட்டர்டாம், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம். வெறும் ஊர்ப்பற்று என்று இதனைத் தள்ளிவிடலாகாது. அம்ஸ்ரடாம், மிடல்பேர்க், டெல்வ்ட், றொட்டர்டாம் ஆகிய நான்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆறு பிரிவுகளுக்கு இருப்பிடமான நகரங்கள். டெல்வ்ட் நகரிலே ஒல்லாந்தின் படைக்கலச் சாலையும் இருந்தது. நெடுந்தீவின் முருகைக்கற் கோட்டைக்குப் பெயர்தந்த ஊர், துவக்குகளைக் குவித்து வைத்திருந்த ஊர். இன்று இங்கு டெல்வ்ட் என்னும் பெயர் மட்டும் ஆங்கில வழக்கிலே தப்பி நிற்கிறது; மற்றவை ஏட்டோடு போயின.

துவக்குத் தொழிலை அந்நியரிடமே கண்டு மலைத்து நின்றவர்களல்லர் இந்நாட்டார். சிங்களக் கம்மாளர் போர்த்துக்கேயரிடம் கற்ற வித்தையை விரைவில் தமதாக்கினர். அவர்தம் திறமையைப் போர்த்துக்கேய எழுத்தாளரே பாராட்டியிருக்கின்றனர். கண்டித் துவக்கின் பொறி ஐரோப்பிய வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். யானைத்தந்தமும் வெள்ளியும் இழைத்த கட்டை. 1765இல் ஒல்லாந்த ஆள்பதி வான் எக் கண்டி அரண்மனையைக் கைப்பற்றிய காலத்துக் கொள்ளைப் பொருள்களென ஆராய்ந்து ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திருப்பியளித்தது. லெவ்கேயின் பீரங்கியும், வாள்களும், கத்தியும், ‘மகா துவக்கு’ எனும் பெருந்துவக்குகள் இரண்டும் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்துசேர்ந்தன. மகா துவக்கு! நம் நெடுந்தீவுக் கிழவன் சொல்லும் அதே சொல்.

இரும்பு திரும்பி வந்தது. வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் திரும்பி வந்தன. தோல் திரும்பி வருவதில்லை. நம் தட்பவெப்பத்திலே பூஞ்சணமும் செல்லும் அதனை விட்டுவைப்பது அரிது. விட்டுவைத்தாலும் பழந்துணியோடு சேர்த்து எறியப்படும் பொருள் அது. உலகத்து நூதனசாலைகளில் ஆயிரக்கணக்கான தீக்கல் துவக்குகள் கண்ணாடிக்குள் மின்னுகின்றன. அவற்றின் உறைகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே எஞ்சின. மாணவர் அத்துவக்குகளைப் பார்க்கும்போது, வெறும் பொறியோடு நிற்கும் துவக்கு மழையிலே பயனற்றதொரு இரும்புக்கோல் என்பதை ஆசிரியர் சொல்லிக்கொடுக்க வேண்டும். அன்றைய வீரன் அதனை அவ்வாறு திறந்தபடி ஒருநாளும் சுமந்து திரியவில்லை.

தீக்கல்லின் காலத்தை முடித்தவர் ஒரு பாதிரியார். ஸ்கொட்லாந்துப் போதகர் அலெக்சாந்தர் போர்சைத் வாத்து வேட்டையில் விருப்பமுடையவர். பற்றுவாயில் எழும் புகையைக் கண்டு வாத்துகள் ரவை வருமுன் பறந்துவிடுவதைப் பொறுக்கமாட்டாமல், அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துவக்கிற் பயன்படுத்தும் முறையைக் கண்டு 1807இல் உரிமம் பெற்றார். அதிலிருந்து வளர்ந்த செப்புக் குப்பியை ஆங்கிலப் படை 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏற்றது. கல் போயிற்று; எஃகுத் தகடு போயிற்று; விரலுறையும் அதனோடு போயிற்று. வன்னிக் காட்டு வேட்டைக்காரர் கையில் நெடுங்காலம் நிலைத்த இடியன் துவக்கு, மருந்தை வாய்வழியே இடித்து நிரப்பும் பழக்கத்தை மட்டும் பெயரிலே காத்துக்கொண்டது.

ஆனால் படைத்துவக்கிலே தோல் முற்றாக அழிந்துவிடவில்லை. செப்புக் குப்பி பொருந்தும் முளையின்மேல் வெறுஞ்சுத்தியல் மோதி முளை நசுங்காதபடி, ஒரு சிறு சங்கிலியிற் கோத்த மூடியொன்றைத் தொங்கவிட்டனர். அம்மூடிக்குள்ளே, நம் சிறுவிரல் நுனியளவில், ஒரு தோல்வட்டம் வைத்திருந்தனர்.